மே மாதமா, ஆகஸ்டா? கடலோர நண்பர்களுக்கு மூன்று மலையேரிப் பாதைகள்

தேவனாம்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருப்பவர் ஒருவர். புதுச்சேரியில் பள்ளி ஆசிரியர் ஒருவர். கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர் ஒருவர். லாஸ்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனத்துக்குக் கணினி வேலை செய்பவர் ஒருவர். ஒன்றாகப் படித்த இந்த நால்வரும் முதுகுப்பையைச் சுமந்துகொண்டு இமயமலையில் ஏதாவது ஓர் உயரமான ஏரிக்கு நடந்தே போய்வர வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாகப் பேசி வருகிறார்கள். ஒருவர் காஷ்மீர் என்கிறார், ஒருவர் சந்திரதால் என்கிறார், ஒருவர் நேபாளம் என்கிறார், நான்காமவர் எங்கே என்றாலும் சரி, செலவு கையைக் கடிக்கக் கூடாது என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னிடம் கேட்டார்கள். இதே இழுபறியில் வேறு சிலரும் இருப்பது தெரிந்ததால், மூன்று பாதைகளிலும் வெவ்வேறு ஆண்டுகளில் நடந்தவன் என்ற அளவில் விரிவாகவே எழுதுகிறேன்.

உத்தராகண்டிலுள்ள ரூப்குண்டம் ஏரி ஏன் பட்டியலில் இல்லை என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். உத்தராகண்டின் உயரப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கு அம்மாநில உயர் நீதிமன்றம் 2018இல் தடை விதித்தது. அதன்பின் அந்தப் பாதையை நம்பி நான்கு பேரின் விடுப்பைப் பணயம் வைக்க நான் சொல்ல மாட்டேன். கங்கோத்ரிக்கு மேலே இருக்கும் கேதார்தால் மிக அழகானது. ஆனால் சுமார் 4,750 மீட்டர் உயரத்துக்கு மிகக் குறைந்த நாட்களில் செங்குத்தாக ஏற வேண்டியிருப்பதால், முதல் பயணத்துக்கு அது ஏற்றதில்லை.

எதை வைத்து அளப்பது

அழகை அளவுகோலாக வைக்கவில்லை. மூன்றும் அழகானவை, அதைப் பற்றி வாதம் செய்து பயனில்லை. நான் வைக்கும் அளவுகோல்கள் ஐந்து.

முதலாவது, மாதம். பெரும்பாலான குழுக்கள் முதலில் இடத்தை முடிவு செய்துவிட்டுப் பிறகு விடுப்பைத் தேடுகின்றன. கிடைக்காமல் போனதும் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று கலைந்துவிடுகின்றன. நமது கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். படகுக்காரருக்கு ஆண்டில் பத்து நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கக்கூடியது அந்தக் காலத்தில்தான். அதிலும் முதல் இரண்டு வாரம் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதிலும், கடைசி வாரம் வலையும் ஐஸும் டீசலும் ஏற்பாடு செய்வதிலும் போய்விடும். ஆசிரியருக்கு மே மாதம். ஷிப்ட் வேலைக்காரர் மாற்றாளைப் பிடித்தால் எப்போது வேண்டுமானாலும் வரலாம். கணினி வேலை செய்பவர் எங்கிருந்தும் வேலை செய்வேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த மூன்று பாதைகளிலும் அது நடக்காது என்பதை அவருக்கு இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது, இரவில் படுக்கும் உயரம். பகலில் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைக் காட்டிலும் இரவில் எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதே உடம்பைப் பாதிக்கிறது. 2,500 மீட்டருக்கு மேல் மலைநோய் யாருக்கும் வரலாம். 3,000 மீட்டரைக் கடந்தபின் படுக்கும் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. தமிழ்நாட்டில் நம்மில் பலரும் ஏறியிருக்கும் உயரமான இடம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். காஷ்மீர்ப் பாதை தொடங்கும் சோனாமார்க் அதைவிட உயரம். 4,300 மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான் இருக்கும். சில்வர் பீச்சில் மூச்சிரைக்காமல் ஓடுகிறவரும் அங்கே ஷூ லேஸைக் கட்டிவிட்டு நிமிர்ந்ததும் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, கூரையும் சுமையும்: கூடாரத்தையும் அடுப்பையும் நாமே சுமக்கிறோமா, கோவேறு கழுதை சுமக்கிறதா, போகிற இடத்தில் கட்டில் கிடைக்கிறதா என்பது. நான்காவது, நடுவழியில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் எவ்வளவு சீக்கிரம் கீழே இறக்க முடியும் என்பது. ஐந்தாவது, பணம், கணக்கில் முதலில் தென்படாத செலவுகளையும் சேர்த்து.

| | காஷ்மீர்ப் பேரேரிகள் | ஹம்ப்டா கணவாய், சந்திரதால் | கோசாய்குண்டம் |
|---|---|---|---|
| ஏற்ற காலம் | ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை | ஜூன் பின்பாதி முதல் செப்டம்பர் வரை | ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் |
| நடக்கும் நாட்கள் | 7 | 4 முதல் 5, பிறகு வண்டி | 5 முதல் 7 |
| ஏறும் அதிகபட்ச உயரம் | சுமார் 4,200 மீ | சுமார் 4,270 மீ | சுமார் 4,380 மீ |
| வழக்கமாகப் படுக்கும் உயரம் | 3,500–3,700 மீ | 3,100–3,900 மீ; சந்திரதாலில் 4,200 மீட்டருக்கு மேல் | நாமே முடிவு செய்யலாம் |
| தங்குமிடம் | கூடாரம் மட்டும் | கூடாரம் | தேநீர் விடுதி |
| நடுவில் இறங்கும் வழி | கடினம் | ஓரளவு எளிது | எளிது |
| விமானம் என்றால் மொத்த நாட்கள் | 11–12 | 9 | 9–11 |

காஷ்மீர்ப் பேரேரிகள்

சோனாமார்க்கில் தொடங்கி நாராநாக்கில் முடியும் இந்தப் பாதை எழுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். விஷன்சர், கிருஷ்ணசர், காட்சர், சத்சர், நந்த்கோல், கங்காபல் என்று வரிசையாக ஏரிகள். இடையில் மூன்று கணவாய்கள். நடந்து சென்று ஏரிக்கரையில் தங்குவதுதான் ஆசை என்றால், அதை முழுமையாகத் தருவது இது ஒன்றுதான். மற்ற இரண்டில் ஓர் ஏரியோ ஓர் ஏரிக் கூட்டமோ முடிவில் வரும். இங்கே காலையில் ஓர் ஏரியை விட்டுக் கிளம்பி மாலையில் இன்னோர் ஏரிக்குப் போய்ச் சேர்கிறோம்.

உயர விஷயத்தில் இது பலர் நினைப்பதைக் காட்டிலும் இதமானது. கணவாய் 4,200 மீட்டரைத் தொட்டாலும் இரவுகள் எல்லாம் 3,500க்கும் 3,700க்கும் இடையிலேயே கழிகின்றன; ஏறி, கடந்து, இறங்கித் தூங்குகிறோம். கால்களுக்குத்தான் சோதனை. கடைசி நாள் கங்காபலிலிருந்து நாராநாக்குக்கு ஏறத்தாழ 1,300 மீட்டர் ஒரே மூச்சாக இறங்க வேண்டும். ஆறு நாள் தாக்குப்பிடித்த முழங்கால்கள் அந்த ஒரே நாளில் தளர்ந்து போவதை எங்கள் குழுவிலேயே பார்த்தேன். ஊன்றுகோல் வேண்டாம் என்று வீறாப்பாக வந்தவர், அன்று மதியம் பக்கர்வால் இடையர் ஒருவரிடம் ஒரு தடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சமையலைப் பற்றி ஒரு வார்த்தை. விஷன்சர் கரையில், 3,700 மீட்டரில், தண்ணீர் 88 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். முதல் இரவு திறந்த பாத்திரத்தில் நாங்கள் வைத்த பொன்னி அரிசி முக்கால் மணி நேரம் கொதித்தும் நடுவில் வெள்ளைப் புள்ளியாக நின்றது. மூன்று பேருக்குச் சமைக்க வைத்திருந்த அடுப்பு வாயுவில் பாதி அதற்கே போயிற்று. மறுநாளிலிருந்து அவலும் சேமியாவும்தான். சோறு இல்லாமல் ஏழு நாள் முடியாது என்பவர் சிறு பிரஷர் குக்கரைச் சுமக்கத் தயாராக இருக்க வேண்டும், அல்லது சமையற்காரரும் கழுதையும் கொண்ட ஏற்பாட்டுக்குப் பணம் கட்ட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். எல்லைக்கு அருகில் இருப்பதால் வழியில் ராணுவச் சோதனைகள் உண்டு. அடையாள அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும், நகல் போதாது. வெளிமாநிலங்களில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் இயங்காது, ஆகவே ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு வேண்டும்; அதுவும் சோனாமார்க்கோடு சரி, அதற்குப் பிறகு வீட்டுக்கு ஒரு வாரம் குரல் போகாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அமர்நாத் யாத்திரையின் ஒரு தளமான பால்டால் சோனாமார்க்கை ஒட்டியே இருப்பதால், யாத்திரை நடக்கும் வாரங்களில் அறை வாடகையும் சாலை நெரிசலும் ஏறிவிடும். யாத்திரை ஆவணி அவிட்டப் பௌர்ணமியோடு முடிகிறது. அதற்கு அடுத்த மூன்று வாரம்தான் என் கணக்கில் இந்தப் பாதைக்குப் பொற்காலம். எல்லாவற்றையும்விடப் பெரியது, பாதை திடீரென்று மூடப்படும் அபாயம். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பின் பள்ளத்தாக்கில் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. பணம் திரும்பக் கிடைக்காத மலிவு டிக்கெட்டை ஸ்ரீநகருக்கு வாங்குவதைப் போன்ற போலிச் சிக்கனம் வேறில்லை.

ரயிலில் போக விரும்புவோருக்குச் சென்னையிலிருந்து கட்ராவரை அந்தமான் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. 2025 ஜூனில் செனாப் பாலம் திறக்கப்பட்ட பின் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கும் ரயிலிலேயே போகலாம். ஆனால் ஒரு வழிக்கே மூன்று நாட்களுக்கு மேல் ஆகும். போகவும் வரவும் ஒரு வாரம் ரயிலில் உட்கார முடிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால், முன்னால் போனாலும் பின்னால் திரும்பினாலும் ஒரு கணவாயைக் கடந்தாக வேண்டும். சாலை கிட்டத்தில் இல்லை. ஆகவே இதற்கு முன் ஒரு முறையாவது 3,500 மீட்டருக்கு மேல் தூங்கிய அனுபவம் குழுவில் பாதிப் பேருக்கு இருந்தால் மட்டுமே இதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். அப்படிப்பட்ட குழுவாக இருந்து, ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ பன்னிரண்டு நாள் கிடைத்தால், மறுயோசனையே வேண்டாம்.

ஹம்ப்டா கணவாயும் சந்திரதாலும்

குறைந்த நாட்களில் நிறைய மாற்றங்களைக் காட்டும் பாதை இது. மணாலிக்கு மேலே குலு பக்கத்தில் தேவதாருவும் புல்லும் ஓடையுமாகத் தொடங்கும். கணவாயைக் கடந்து லாஹுல் பக்கம் இறங்கினால் மழை மறைவுப் பகுதி, கல்லும் தூசியும்தான். ஒரே நாளில், ஒரே மலையின் இரண்டு பக்கங்களில், கண்ணுக்கு முன்னால் இந்த மாற்றம் நடக்கிறது. நான் போன ஆகஸ்டில் காலையில் மழைக்கோட்டோடு ஏறத் தொடங்கி, மாலையில் வெயிலில் உதடு வெடித்து உட்கார்ந்திருந்தேன்.

நான்கு நாள் நடை சத்ரு என்ற இடத்தில் முடிகிறது. சந்திரதாலுக்கு அங்கிருந்து வண்டியில் அரை நாள் போக வேண்டும். சாலை என்று சொல்லப்படுவது பல இடங்களில் ஆற்றுப் படுகைதான். இங்கேதான் எனக்கு ஒரு குறை. கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரைத் தவிர ஏரிக்கு நாம் நடந்து போவதில்லை. தில்லியிலிருந்து காரிலேயே வந்தவர்களும் அதே கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2005இல் சேர்ந்தது என்பதால் கரையில் கூடாரம் போடவும் விடுவதில்லை, முகாம்கள் சற்றுத் தொலைவில் உள்ளன. அது சரியான விதிதான். ஆனால் நண்பர்களோடு ஏரிக்கரையில் தூங்க வேண்டும் என்ற கனவோடு வருபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு இங்கே நாட்களில் இருக்கிறது. தில்லியிலிருந்து மணாலிக்கு ஓர் இரவுப் பேருந்து, திரும்ப ஓர் இரவு. சந்திரதாலில் எதிர்பாராத பனியும், ஜூலை ஆகஸ்டில் கீழே நிலச்சரிவும் இந்தக் கணக்கைக் குலைக்கும். 2023 ஜூலையில் சந்திரதாலில் சிக்கிக்கொண்ட இருநூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளைப் பனியை வெட்டி வழி உண்டாக்கித்தான் மீட்டார்கள். திரும்பும் விமானத்துக்கும் மணாலியை விட்டுக் கிளம்பும் நாளுக்கும் இடையில் ஒரு நாள் சும்மா இருக்கட்டும். அது வீணாகப் போனால் தில்லியில் சரவண பவன் தேடி இட்லி சாப்பிடலாம்.

சிறு சங்கதி ஒன்று. கணவாயைக் கடந்து இறங்கியதும் தங்கும் ஷியா கோரு முகாமிலிருந்து கிளம்பும் காலையில் ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். முழங்கால் அளவுதான், பத்தே அடிகள்தான். ஆனால் பனியிலிருந்து அப்போதுதான் உருகி வந்த தண்ணீர் என்பதால் நடு ஓடையில் காலே இருப்பதாகத் தெரியாது. வெறுங்காலோடு இறங்கிய எனக்குக் கரையேறிய பிறகுதான் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது தெரிந்தது. வார் வைத்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். எடை கால் கிலோகூட வராது.

முன்னும் பின்னும் வரும் வாரக்கடைசி போக ஐந்தாறு நாள்தான் விடுப்பு, முதல் மலைப்பயணம், செலவு அடக்கமாக இருக்க வேண்டும், ஜூலையிலோ செப்டம்பரிலோ வர முடியும் என்பவர்களுக்கு இதுவே நல்லது. சென்னையிலிருந்து தில்லிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் 33 மணி நேரம். புதுச்சேரியிலிருந்தே நேரடியாக வாரம் ஒரு ரயிலும் உண்டு. ரயிலில் போய்வர மனமிருந்தால் மூன்றில் மிகக் குறைந்த செலவில் முடிவது இதுதான்.

மே கடைசியில்தான் வர முடியும் என்றால் ஹம்ப்டா பெரும்பாலும் பனி மூடியிருக்கும். மணாலியிலிருந்தே ஏறக்கூடிய பிருகு ஏரி அப்போது கிடைக்கும், மூன்று நான்கு நாளில் முடியும். ஆனால் ஏரி அந்த நேரத்தில் பெரும்பாலும் உறைந்து கிடக்கும். 3,100 மீட்டரிலிருந்து ஒரே நாளில் 3,800க்கு ஏறிப் படுக்கும்படி திட்டம் போடுகிறார்கள், அது எனக்கு ஒப்பவில்லை.

கோசாய்குண்டம்

காத்மாண்டுவுக்கு வடக்கே லாங்டாங் தேசியப் பூங்காவுக்குள், சுமார் 4,380 மீட்டரில் இருக்கிறது இந்த ஏரி. ஆலகாலத்தை உண்ட சிவன் தொண்டையின் எரிச்சல் தாங்காமல் திரிசூலத்தால் மலையைக் குத்தினார், அங்கே பெருகிய நீரே இந்தக் குண்டம் என்பது கதை. நீலகண்டனை நமக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாம் ஆவணி அவிட்டம் என்று பூணூல் மாற்றும் அதே பௌர்ணமியில் நேபாளத்தில் ஜனை பூர்ணிமா. அன்று ஆயிரக்கணக்கானோர் இங்கே நீராட ஏறுகிறார்கள். நடைப்பயணம் போகிறவர் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது. மழைக்காலம், கூட்டம், அட்டைப்பூச்சி மூன்றும் ஒன்றாக இருக்கும்.

நமது நால்வருக்கு இந்தப் பாதையை நான் முன்வைப்பதற்கு முதல் காரணம் கூரைதான். துன்சே என்ற ஊர் சுமார் 2,000 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து ஏரிவரை ஒன்றிரண்டு மணி நேர நடைக்கு ஒரு தேநீர் விடுதியாவது உண்டு: தேவ்ராலி, சிங் கோம்பா (3,330 மீ), சோலாங்பாட்டி (சுமார் 3,600 மீ), லௌரிபினா (3,900 மீ). கட்டில், கம்பளி, அடுப்பு, சுடச்சுடப் பருப்பும் சோறும் கிடைக்கும். டால் பாத் என்ற அந்தச் சாப்பாட்டில் சோறும் பருப்பும் கேட்கக் கேட்க மறுபடி போடுவார்கள். கூடாரம், அடுப்பு, ஏழு நாள் அரிசி எதையும் சுமக்க வேண்டாம். பை எட்டு கிலோவுக்குள் அடங்கும்.

இதனால் கிடைக்கும் பெரிய லாபம் சோறு மட்டும் இல்லை. எந்த உயரத்தில் படுப்பது என்பதை நாமே முடிவு செய்ய முடிகிறது. கூடாரக் குழுக்களில் முகாம் எங்கே போடப்படுகிறதோ அங்கேதான் எல்லோரும் தூங்க வேண்டும். ஒருவருக்குத் தலைவலி என்பதற்காக முகாம் நகராது. இங்கே ஒருவருக்கு முடியவில்லை என்றால் அரை மணி நேரம் கீழே இறங்கி அடுத்த விடுதியில் படுத்துக்கொள்ளலாம்.

இதை நாங்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். அக்டோபரில் போனபோது, நாள் மிச்சம் பிடிக்கும் ஆசையில், துன்சேயிலிருந்து ஒரே நாளில் சிங் கோம்பாவுக்கு ஏறினோம், மறுநாளே லௌரிபினா. எங்களில் நன்றாக உடம்பை வைத்திருந்தவர், தினமும் கடற்கரைச் சாலையில் பத்துக் கிலோமீட்டர் ஓடுபவர், அன்று மாலை தட்டில் போட்ட சோற்றை அப்படியே தள்ளி வைத்தார். தலைவலி என்று சொல்ல வெட்கப்பட்டு, பயணக் களைப்பு என்றார். இரவு இரண்டு மணிக்கு வாந்தி. விடுதிக்கார அம்மாள் எழுந்து வந்து விளக்கைப் பிடித்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மாத்திரை எதையும் பேசாமல், விடிந்ததும் கீழே போங்கள் என்று மட்டும் சொன்னார். விடியலில் ஒருவர் அவரோடு சிங் கோம்பாவுக்கு இறங்கினார். மதியம் பன்னிரண்டு மணிக்கு அங்கே அவர் இரண்டாம் முறை சோறு கேட்டாராம். மீதி இரண்டு பேர் ஏரிக்குப் போய் நின்றோம், ஆனால் அரை மணி நேரம்கூட நிற்க மனம் வரவில்லை. தவறு முழுக்க எங்களுடையதுதான்; தேவ்ராலியில் ஓர் இரவும் சோலாங்பாட்டியில் ஓர் இரவும் கூட்டியிருந்தால் நால்வரும் அந்தக் கரையில் இருந்திருப்போம். லௌரிபினாவில் தங்கிக்கொண்டு, ஏரிக்கு விடியலில் ஏறி, மதியத்துக்குள் இறங்கிவிடுவது இன்னும் நல்லது. ஏரிக்கரையிலேயே விடுதிகள் உண்டு என்றாலும், முதல் பயணத்தில் 4,380 மீட்டரில் தூங்குவதில் பெருமையைத் தவிர லாபமில்லை.

மாதமும் பொருந்துகிறது. ஏப்ரலும் மே மாதமும் இங்கே நல்ல பருவம். லாலிகுராஸ் என்று அவர்கள் அழைக்கும் சிவப்பு மலர் மரங்கள் பூத்திருக்கும். மே தொடக்கத்தில் ஏரியில் பனிக்கட்டி மிச்சம் இருக்கக்கூடும். மதியத்துக்குப் பின் மேகம் கூடி ஆலங்கட்டி விழும் நாட்களும் உண்டு. ஆகவே நடையை ஒரு மணிக்குள் முடிக்க வேண்டும். வானம் மிகத் தெளிவாக இருப்பது அக்டோபர் நவம்பரில். நம் ஊரில் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். கடலூரில் வீட்டை விட்டுவிட்டுப் போகிறவர் மொட்டை மாடி வடிகாலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகட்டும்.

செலவுக்கு வருவோம். இந்தியர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார் அட்டையைக் காட்டினால் ஏற்றமாட்டார்கள். வழிகாட்டி இல்லாமல் வெளிநாட்டவர் நடைப்பாதைகளில் செல்லக் கூடாது என்ற விதி 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது. அவருடைய நாள் கூலி, சாப்பாடு, படுக்கை மூன்றையும் நால்வராகப் பிரித்துக்கொண்டால் பாரமாகத் தெரியாது. பூங்கா நுழைவுக் கட்டணம் இந்தியர் உள்ளிட்ட சார்க் (தெற்காசிய) நாட்டவருக்குக் குறைவு. விடுதி அறை வாடகை மிகக் குறைவாக இருக்கும், ஆனால் அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம்; உயரம் கூடக் கூடச் சாப்பாட்டின் விலையும் ஏறும், போன் சார்ஜ் போடுவதற்கும் வெந்நீருக்கும் தனிக் காசு. நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடைய 1.60 ரூபாய் என்பது நிலையான மதிப்பு. விலைப்பட்டியலைப் பார்த்துத் திடுக்கிடும்போது 1.6ஆல் வகுக்க மறக்க வேண்டாம். கட்டாயமாகச் செய்ய வேண்டிய செலவு காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் ஹெலிகாப்டர் மீட்பை ஏற்பதில்லை. 4,500 மீட்டர்வரை செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

காத்மாண்டுவுக்குச் சென்னையிலிருந்து தில்லி அல்லது பெங்களூரு வழியாகப் பறக்கலாம். ரயிலில் கோரக்பூர்வரை போய், சுனௌலி எல்லையைக் கடந்து பேருந்தில் செல்வது மலிவு. ஆனால் போகவர ஆறு நாள் கூடும், காத்மாண்டுவிலிருந்து துன்சேக்குப் போகும் நாள் முழுக்கக் குலுக்கும் பேருந்தும் அதன்மேல் சேரும். பத்து நாள் மட்டும் உள்ளவர்கள் ரயிலை மறந்துவிட வேண்டும்.

எங்கே போனாலும் சேரும் செலவு

நல்ல ஷூவை ஒரு மாதம் முன்பே வாங்கிப் போட்டுப் பழக வேண்டும். உறக்கப்பையும் தடித்த ஜாக்கெட்டும் வாடகைக்குப் போதும், மணாலியிலும் காத்மாண்டுவிலும் தாராளமாகக் கிடைக்கும். நம் பக்கத்தில் இவற்றை விலைக்கு வாங்கினால் மறுபடி பயன்படுவது எப்போது என்று தெரியாது. பயிற்சிக்குச் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி போதும்: சுமார் 800 அடி உயரம், படிகள், வெயில். பத்துக் கிலோ பையோடு ஒரே காலையில் இரண்டு முறை ஏறி இறங்க முடிந்தால் கால்கள் தயார். நுரையீரலுக்கு மலையின் காற்றைப் பழக்க இங்கே வழியில்லை, அதற்கு நாட்கள்தான் மருந்து. மலைநோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசலாம், சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் அதைச் சொல்லிவிட வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டோம் என்பதற்காக இரண்டு நாள் ஏற்றத்தை ஒரு நாளில் ஏறக் கூடாது.

நால்வருக்கு என் பதில்

படகுக்காரரை விட்டுவிட்டுப் போவதாக இருந்தால், ஆசிரியரும் ஒரு வழியாக விடுப்பு வாங்கிவிட்டால், மேலே சொன்ன உயர அனுபவமும் அதற்குள் கிடைத்திருந்தால், ஆகஸ்ட் கடைசியில் காஷ்மீர். படகுக்காரரும் ஆசிரியரும் இரண்டு பேருமே வராவிட்டால், மற்ற இருவரும் செப்டம்பரில் ஹம்ப்டாவை ஒன்பது நாளில் முடித்துவிடலாம். நால்வரும் சேர்ந்து போக வேண்டும் என்பதுதான் மூன்று ஆண்டுப் பேச்சின் சாரம் என்றால், தடைக்காலமும் கோடை விடுமுறையும் ஒன்றாக விழும் மே மாதம் ஒன்றுதான் இருக்கிறது. அந்த மாதத்தில் வழி திறந்திருந்து, முதல் முறை ஏறுபவருக்கும் பாதுகாப்பாக இருப்பது கோசாய்குண்டம். மே 5 வாக்கில் கிளம்பிப் பதினொரு நாளில் திரும்பினால், படகுக்காரருக்குத் தடை முடிய இன்னும் நான்கு வாரம் மிச்சம் இருக்கும்.

டிக்கெட் போடுவதற்கு முன் நால்வரும் தங்கள் பாஸ்போர்ட்டையோ வாக்காளர் அட்டையையோ ஒரே மேசையில் எடுத்து வைத்துப் பெயர்களைப் படித்துப் பார்க்கட்டும். நமக்கு அப்பா பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும். விமான டிக்கெட் அதைக் குடும்பப் பெயர் என்று பின்னால் விரித்துக் கேட்கும். வாக்காளர் அட்டையில் தமிழில் ஒரு விதமாகவும் ஆங்கிலத்தில் வேறு விதமாகவும் அச்சாகியிருப்பதும் உண்டு. திருத்தம் தேவைப்பட்டால் அதற்குச் சில வாரங்கள் ஆகும் என்பதால், மே பயணத்துக்கு இந்த வேலை பிப்ரவரியிலேயே தொடங்க வேண்டும்.